எந்தக் காலை முன்னால் வைப்பது?

கடந்த ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரையும் பள்ளியின் பின்பக்கச் சுற்றுச்சுவருக்கு எதிரே வரிசையாக நிறுத்தினேன். பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டி, மேலே பிரவுன் டேப் சுற்றிய பந்து ஆளுக்கொன்று கையில் இருந்தது. ‘சுவரைப் பார்த்து எறியுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வேப்பமர நிழலில் ஒரு நோட்டுடன் ஒதுங்கி நின்றேன். பந்து எங்கே போய் விழுகிறது என்று நான் பார்க்கவில்லை; பிள்ளைகளின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

22 பேர் காலை அசைக்கவே இல்லை. சுவரை நேருக்கு நேர் பார்த்தபடி, முழங்கையை மட்டும் மடக்கி நீட்டிப் பந்தைத் தள்ளிவிட்டார்கள். 9 பேர், எறியும் கை எதுவோ அந்தப் பக்கத்துக் காலையே முன்னால் வைத்தார்கள். எறியும் கைக்கு எதிர்ப்பக்கத்துக் காலை எடுத்து வைத்தவர்கள் 7 பேர்தான். அந்த ஏழு பேரில் ஆறு பேர் தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள். மீதி ஒருத்தி வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மாமரத்தில் கல்லெறிந்து பழகியவள் என்பது விசாரித்தபோது தெரிந்தது.

கடலூரில் உடற்கல்வி ஆசிரியையாக 19 ஆண்டுகளாக இருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் ‘எறி’ என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. எப்படி எறிவது என்று ஒரு பிள்ளைக்கும் முறையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை என்பது அந்த மரநிழலில்தான் எனக்கு உறைத்தது. தமிழாசிரியர் ஒருவர் ‘அ’ எழுதக் கற்றுக்கொடுக்காமலேயே கட்டுரைப் போட்டி வைத்து, முதல் மூன்று பேருக்குப் பரிசையும் கொடுத்துவிட்டு, மற்ற பிள்ளைகளுக்கு எழுத்தில் ஆர்வமே இல்லை என்று ஓய்வறையில் குறைப்பட்டுக்கொண்டால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

எறிதல் என்பது கையின் வேலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் அது தரையிலிருந்து தொடங்குகிறது. இலக்குக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று, கையைப் பின்னுக்குக் கொண்டுபோய், எதிர்க்காலை முன்னால் ஊன்றும்போது முதலில் இடுப்பு திரும்புகிறது; இடுப்பைத் தொடர்ந்து மார்பும் தோளும், அதற்குப் பிறகு முழங்கையும், கடைசியாக மணிக்கட்டும் திரும்ப, சாட்டையின் நுனிக்கு வேகம் வந்து சேர்வதைப் போலப் பந்துக்கு வேகம் வந்து சேர்கிறது. காலை ஊன்றாத பிள்ளைக்கு இடுப்பு திரும்புவதில்லை. இடுப்பு திரும்பாவிட்டால் முழங்கைக்கு மேலே இருக்கும் உடம்பு முழுவதும் வேடிக்கைதான் பார்க்கும். ‘வலுவில்லாத பிள்ளை’ என்று நான் ஒதுக்கிவைத்த பலரிடம் வலு இருந்தது. அது பந்துக்குப் போய்ச் சேரும் வழிதான் அடைபட்டிருந்தது.

சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் நான் செய்ததும் தவறுதான். சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம் வரைந்து, மூன்று மீட்டர் தூரத்தில் நிற்க வைத்து, வட்டத்துக்குள் அடிக்கச் சொன்னேன். வகுப்பே விறைத்துப்போனது. தவறிவிடுமோ என்ற பயத்தில், காலெடுத்து வைக்கப் பழகியிருந்த பையன்கள்கூடக் கையை மட்டும் நீட்டித் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். மறுவாரம் வட்டத்தை அழித்துவிட்டு, தூரத்தை இரண்டு மடங்காக்கி, ‘சுவரில் பந்து படும் சத்தம் தலைமையாசிரியர் அறைவரைக்கும் கேட்க வேண்டும்’ என்றேன். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? பலமாக எறிய வேண்டும் என்ற ஆசை வந்ததும் உடம்பே பக்கவாட்டில் திரும்பியது. பாதிப் பேருக்கு எதிர்க்கால் தானாகவே முன்னால் வந்தது. வராதவர்களுக்காகத் தரையில் ஒரு பாதம் வரைந்து, ‘இதை மிதித்துவிட்டு எறி’ என்று மட்டும் சொன்னேன். குறி தவறுகிறதே என்ற கவலையை மூன்று மாதம் ஒத்திப்போட்டேன். தலைமையாசிரியர் இரண்டு முறை ஆளனுப்பினார் என்பது வேறு கதை.

என் பழைய முறையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பள்ளியில் கோ-கோ ஆடியவள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்தவள். வேலைக்கு வந்ததும், பள்ளிகளுக்கு இடையே நடக்கும் குறுவட்டப் போட்டிக்கு அணி தயார் செய்வதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டேன். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மொத்தப் பள்ளியையும் ஒரு முறை ஓடவிட்டு, முன்னால் வந்தவர்களைப் பொறுக்கி எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு என் கவனம், மைதானம், பந்து எல்லாம் அந்த முப்பது நாற்பது பேருக்குத்தான். மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து கைதட்டுவார்கள், அல்லது கணக்கு டீச்சர் அழைத்துக்கொண்டு போய்விடுவார். கோப்பைகள் வந்தன, அலுவலக அறையில் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே ஓடத் தெரிந்தவர்களைத்தான் நான் ஓடவிட்டிருக்கிறேன். ஓடத் தெரியாத ஒருவரையும் ஓடுபவராக மாற்றியதில்லை.

‘அதெல்லாம் வளர வளரத் தானாக வந்துவிடும்’ என்பார்கள். நடை தானாக வரும். ஓட்டமும் ஓரளவு வரும். அதற்கு மேல் வருவதெல்லாம் பார்த்துச் செய்து, தவறவிட்டு, மறுபடி செய்து வருவதுதான். உடற்கல்வியில் அடிப்படை அசைவுத்திறன்களை மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள். ஓடுதல், தாண்டுதல், ஒற்றைக் காலில் குதித்தல் போன்ற இடம்பெயரும் அசைவுகள் ஒரு கூட்டம். எறிதல், பிடித்தல், உதைத்தல், மட்டையால் அடித்தல் போன்று ஒரு பொருளைக் கையாளும் அசைவுகள் இன்னொன்று. நிற்றல், திரும்புதல், வளைதல், விழாமல் இறங்குதல் என்று உடம்பை நிலைநிறுத்தும் அசைவுகள் மூன்றாவது. இவை மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள் அடித்தளம் பெற வேண்டியவை. ஆனால் பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களைப் பார்க்கிறார்கள். அதற்குள் ‘எனக்கு விளையாட்டு வராது’ என்ற முடிவுக்குப் பலரும் வந்திருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளை தனக்கு எல்லாம் வரும் என்று நம்பும். பத்து வயதுப் பிள்ளைக்கோ தன் இடம் எது என்று துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் இந்த வேலையைத் தெரு செய்துகொண்டிருந்தது. நாங்கள் சிறுமிகளாக ஆடிய பாண்டி ஆட்டத்தை இன்று ஓர் ஆசிரியையின் கண்ணோடு பார்க்கும்போது, அதை ஏற்பாடு செய்தவர் யாரோ பெரிய பாடத்திட்ட வல்லுநர் என்றே தோன்றுகிறது. கோட்டில் படாமல் சில்லைக் கட்டத்துக்குள் போடுவது தாழ்கை எறிதல். ஒற்றைக் காலில் கட்டம் கட்டமாகப் போவது குதித்தல். இரட்டைக் கட்டத்தில் இரண்டு காலையும் விரித்து ஊன்றுவது மென்மையாக இறங்கும் பயிற்சி. கடைசியில் எம்பித் திரும்புவது சுழற்சி. திரும்பி வரும் வழியில் ஒற்றைக் காலில் நின்றபடியே குனிந்து சில்லை எடுக்கிறோமே, அதற்கு வேண்டிய நிலைத்தன்மை உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டிப் பயில்பவர்களுக்கே எளிதில் வராது. ஒரு குறை மட்டும் உண்டு: பழகிய காலிலேயே எல்லாரும் ஆடிவிடுவார்கள். அதனால் என் வகுப்பில் போகும்போது ஒரு கால், வரும்போது மறு கால் என்று விதியை மாற்றியிருக்கிறேன். மறு காலில் குதிக்கும்போது அக்காவும் தம்பியும் ஒன்றாகத் தடுமாறுவார்கள். அது வகுப்பில் ஒரு நல்ல சமத்துவத்தை உண்டாக்கிவிடுகிறது.

அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு பாண்டிச்சேரிக்குப் போனாலும் கண் கால்களுக்குத்தான் போகிறது. அங்கே பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற சொல்தா தாத்தாக்கள் சிலர் மாலையில் பெத்தாங் என்ற பிரெஞ்சுக் குண்டு விளையாட்டை ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். இரும்புக் குண்டு ஒவ்வொன்றும் 650 முதல் 800 கிராம் எடை இருக்கும். தரையில் போட்ட சிறு வளையத்துக்குள் நின்று, குண்டு தரையில் விழும்வரை இரண்டு பாதத்தையும் எடுக்காமல், சிறிய மரப்பந்துக்கு அருகில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். என் வகுப்பில் நான் சொல்வதற்கு நேர் எதிரான விதி இது. அங்கே காலை முன்னால் வைக்கவே கூடாது. அதனால்தான் முழங்காலின் மடிப்பும் கை பின்னால் போய் வரும் வீச்சும் குண்டை விடும் நொடியும் அவ்வளவு நேர்த்தியாகத் தெரிகின்றன. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பத்து மீட்டர் தூரத்துக்குக் குண்டை வீசி எதிராளியின் குண்டைத் தட்டிவிடுவதைப் பார்த்துவிட்டு, மறுநாளே தேங்காய்ச் சிரட்டைகளை வைத்து ஆறாம் வகுப்புக்கு அப்படியொரு விளையாட்டை ஏற்பாடு செய்தேன்.

அரவிந்தர் ஆசிரமத்தையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1943ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி தொடங்கிய ஆசிரமப் பள்ளியில், உடற்பயிற்சி என்பது எல்லாப் பிள்ளைகளுக்குமான அன்றாடப் பாடமாக இருந்துவருகிறது. பெண் பிள்ளைகளும் அரைக்கால்சட்டை அணிந்து, ஆண் பிள்ளைகள் செய்த அதே பயிற்சிகளைச் செய்தார்கள். அன்றைய தமிழ்நாட்டில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை நம் பாட்டிமார்களிடம் கேட்டால் தெரியும். ஆசிரமத்தை நடத்திய அன்னையும் எண்பது வயதை நெருங்கும்வரை டென்னிஸ் ஆடியவர். அந்த இடத்தின் ஆன்மிகத்தைப் பற்றி எனக்குக் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை. ஆனால் ‘பொம்பளப் பிள்ளைக்கு எறிய வராது’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம், எறிவதற்கு அதன் கையில் நாம் எப்போது எதைக் கொடுத்தோம் என்று கேட்கத் தோன்றுகிறது. என் வகுப்பில் காலை அசைக்காத 22 பேரில் 17 பேர் பெண்கள். அக்டோபருக்குள் அந்த 17 பேரில் 12 பேர் எதிர்க்காலை ஊன்றி எறியத் தொடங்கிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு பீரியட், ஒரு பீரியடுக்கு நாற்பது ஐம்பது எறி, அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இனி உடற்தகுதி. எங்கள் துறையில் இப்போதெல்லாம் இதுதான் பெரிய பேச்சு. பள்ளிப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு கொண்டுவந்த கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில், சிறு பிள்ளைகளுக்கு உயரம், எடையுடன் பூநாரை போல ஒற்றைக் காலில் நிற்கும் சோதனையும் தட்டுகளை மாறி மாறித் தொடும் சோதனையும் உண்டு. ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து கையை நீட்டித் தொடுதல், வயிற்றுத் தசைப் பயிற்சி, தண்டால் ஆகியவை இருக்கின்றன. அளப்பதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அளப்பதே பாடமாகிவிடும் ஆபத்துக்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1950களில் அமெரிக்கப் பிள்ளைகளையும் ஐரோப்பியப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு நடத்திய ஒரு சோதனையில் அமெரிக்கப் பிள்ளைகள் பெருமளவில் தோற்றதைக் கண்டு அதிர்ந்துபோன அதிபர் ஐசனோவர், 1956இல் இளைஞர் உடற்தகுதிக்கென்று ஒரு மன்றத்தையே அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த சோதனைப் பட்டியலில் 50 கஜ ஓட்டமும் 600 கஜ ஓட்டமும் இருந்தன. கஜம் மீட்டராக மாறியதைத் தவிர நாம் அதிக தூரம் போகவில்லையோ என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

பூநாரைச் சோதனையில் ஒரு நிமிடத்துக்குள் பிள்ளை எத்தனை முறை காலை ஊன்றியது என்று எண்ணி எழுதிவிடலாம். ஏன் ஊன்றியது என்பதுதான் பாடம். பெரும்பாலும் தன் பாதத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைதான் விழும். எதிரே சுவரில் அசையாத ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, ஊன்றிய காலின் முழங்காலை விறைப்பாக்காமல் சற்றே தளர்த்தச் சொன்னால், அதே பிள்ளை அதே நாளிலேயே கூடுதலாகச் சில நொடிகள் நிற்கும். எண்ணை மட்டும் செயலியில் ஏற்றிவிட்டுப் போனால் இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல யாருக்கும் நேரமிருக்காது. எடை எடுக்கும் நாளைப் பற்றி எனக்கே வெட்கம் உண்டு. முன்பெல்லாம் வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவரின் எடையையும் எழுதுபவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வேன். மொத்த வரிசைக்கும் அது கேட்டது. அடுத்த ஆண்டு எடை எடுக்கும் நாளில் மட்டும் மூன்று பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. காரணம் எனக்குப் புரிய இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

உடற்தகுதியைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது, தேவனாம்பட்டினத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கடற்கரையான சில்வர் பீச். ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமைக் காலையில், ஏழாம் வகுப்பை அனுமதி வாங்கித் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். தண்ணீரில் காலை நனைக்கக்கூட விடமாட்டேன் என்று நான் மிரட்டியதைக் கேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகள் தமக்குள் சிரித்துக்கொண்டார்கள். நாடியை எங்கே தொட்டுப் பார்ப்பது என்று முதலில் காட்டினேன்: கட்டைவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில், மறுகையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைக்க வேண்டும். 10 நொடிகள் எண்ணி ஆறால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கான துடிப்பு கிடைக்கும். உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலோருக்கு 13, 14, 15 என்று வந்தது. பிறகு அலை நனைத்த இறுகிய மணலில் ஓடச் சொன்னேன், எண்ணினோம். கொஞ்சம் ஆறிய பிறகு அதே தூரத்தைக் காய்ந்த மணலில் ஓடச் சொன்னேன், மறுபடி எண்ணினோம். காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக ஆற்றல் செலவாகும். அதை நான் சொல்லவில்லை. ‘மிஸ், இங்க ஓடுனா ரொம்ப அடிச்சுக்குது’ என்று அவர்களே நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சொன்னார்கள்.

அந்த வகுப்பில் எப்போதும் கடைசியாக வரும் பையன் ஒருவன் இருந்தான். பருத்த உடம்பு, நானே அவனை ‘ஆமை’ என்று கூப்பிட்டிருக்கிறேன். அன்றும் கடைசியாகத்தான் வந்தான். முதலில் வந்தவன் தன் துடிப்பு 27 என்றான். இவன் தயங்கித் தயங்கி அருகில் வந்து, ‘மிஸ், நான் தப்பா எண்ணிட்டேன் போல, முப்பத்திமூணு வருது’ என்றான். உடனே நானே அவன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன், 32 வந்தது. நிமிடத்துக்கு 190க்கும் மேல். அந்த வயதில் இதயம் எட்டக்கூடிய உச்சத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை ஓடியிருக்கிறான். சோம்பேறி என்று நான் ஆறாம் வகுப்பிலிருந்து முத்திரை குத்தி வைத்திருந்தவன்தான் அன்று கடற்கரையில் எல்லாரையும்விட அதிகமாக உழைத்திருக்கிறான். ‘எண்ணுனது சரிதான்டா, இன்னிக்கு நீதான் ஜாஸ்தி உழைச்சிருக்க’ என்றேன். நம்பாமல் என் முகத்தையே பார்த்தான். அதற்குப் பிறகு அவனுக்கு நான் கொடுத்த விதி ஒன்றுதான்: பக்கத்தில் ஓடுபவனோடு பேச முடிகிற வேகத்தில் ஓடு, பேச்சு நின்றால் நட. எட்டு வாரம் கழித்து அதே தூரத்தை ஏறக்குறைய அதே நேரத்தில் கடந்தபோது அவனுடைய எண் 29 ஆக இருந்தது. அப்போதும் அவன் கடைசியில்தான் வந்தான்.

அன்று சேர்ந்த எண்களையெல்லாம் கணக்கு டீச்சரிடம் கொடுத்தேன். அவர் சராசரி எடுக்கவும் வரைபடம் போடவும் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார். என் பீரியடைக் கடன் வாங்கும் பழக்கத்தை அவர் விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் இப்போது கேட்டுவிட்டு வாங்குகிறார். ஐந்து வயது முதல் பதினேழு வயதுவரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இயங்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுச்சேர்க்கும் இயக்கம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு பீரியடில் அதை நான் எட்ட முடியாது. பிள்ளைகள் தெருவிலும் வீட்டு வாசலிலும் தாங்களாக ஆடினால்தான் அந்தக் கணக்கு நிறைவேறும்; எறியவும் பிடிக்கவும் குதிக்கவும் வந்தால்தானே அவர்கள் ஆடப் போவார்கள். வீட்டுப்பாடம் எழுதாதவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் தண்டனையை அதனால்தான் எங்கள் பள்ளியில் நிறுத்தச் சொன்னேன். எந்தப் பள்ளியிலும் தண்டனையாகப் பாட்டுப் பாடச் சொல்லிப் பாட்டை வெறுக்க வைப்பதில்லை. இதில் பாதிதான் வெற்றி; வகுப்பறை வாசலில் தோப்புக்கரணம் இன்னும் நடக்கிறது.

அவுட் ஆனவரை வெளியே உட்கார வைக்கும் ஆட்டங்களையும் குறைத்துவிட்டேன். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்தான் முதல் நிமிடத்திலேயே வெளியே போய் உட்காருகிறார். இப்போது அவுட் ஆனவர் சுவரோரம் போய் ஐந்து முறை பந்தை எறிந்து பிடித்துவிட்டு மறுபடி உள்ளே வரலாம். சில பிள்ளைகள் வேண்டுமென்றே அவுட் ஆகிறார்கள் என்று புகார் வந்திருக்கிறது. அதை இன்னும் விசாரிக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வடகிழக்குப் பருவமழை கடலூரை நனைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் மைதானம் அக்டோபர் கடைசியில் தண்ணீருக்குள் போனால் பொங்கலுக்குத்தான் வெளியே வரும். இந்த வாரம் ஆறாம் வகுப்புக்கு வராந்தாவில்தான் பாடம். தூண்களுக்கு இடையே பாண்டிக் கட்டம் வரைந்திருக்கிறோம், மறு காலில்தான் ஆட வேண்டும். செய்தித்தாள் பந்துகள் ஊறிப்போய்விட்டன. ஆளுக்கு நான்கு தாள் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பிரவுன் டேப்புக்கு மட்டும் யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.